அம்மாவுக்கு வந்தது அல்சர் அல்ல

"உங்கட குடும்பத்தில வேற ஆருக்கும் இந்த வருத்தம் வந்ததா?" என்று டாக்டர் கேட்டார். நான் யோசித்து வாயைத் திறப்பதற்குள் டெல்சி அக்கா முந்திக்கொண்டாள்.

"இல்ல டாக்டர். எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்ல. அம்மா அல்சர்ல போனவ."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். நானும் தலையாட்டினேன். அம்மா போகும்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அக்கா என்னைவிட நன்றாக மூத்தவள். கடைசி வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். அவள் சொன்னதையே வாழ்நாள் முழுக்க நானும் சொல்லி வந்தேன். அந்த ஒரு பதில் எங்கள் வீட்டில் என்னவெல்லாம் செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் தலையில் முடி மறுபடி முளைத்திருக்கிறது. கையில் ஊசி இல்லை. இந்த இடைவெளியில் எழுதாவிட்டால் பிறகு எழுத மாட்டேன்.

என் பெயர் ஜெசிந்தா. கொட்டாஞ்சேனைக்காரி. துறைமுகத்தில் இறங்கும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் கிளார்க். வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் ஆபீஸில் சொல்வார்கள். சரக்கு விடுவிக்கிற வேலையில் வாய் நீளமில்லாதவளின் கொள்கலன் துறைமுக வாசலிலேயே கிடந்து காய வேண்டியதுதான்.

குளிக்கும்போதுதான் அது கையில் தட்டுப்பட்டது. இடது மார்பில், கடலைப் பருப்பளவு. வலி இல்லை. வலித்திருந்தால் மறுநாளே ஓடியிருப்பேன். வலிக்காததுதானே என்று கிறிஸ்மஸ் பலகாரம் சுட்டு முடியும் வரை விட்டுவைத்தேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் புத்திமதி அதுதான்: வலிக்காத கட்டிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

பிறகு ஸ்கேன். அதற்குப் பிறகு பயப்ஸி, அதாவது ஊசியைக் கட்டிக்குள் விட்டு நூல் போல ஒரு துண்டுச் சதையை எடுத்துப் பரிசோதிப்பது. ஊசி இழுக்கும்போது ஆபீஸில் ஸ்டேப்லர் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சதைத்துண்டின் முடிவு வரும் வரை காத்திருந்த நாட்கள், முடிவு வந்த நாளைவிடக் கொடியவை. வீட்டில் எல்லோரும் சாதாரணமாக நடந்துகொள்வதற்குப் படாத பாடு பட்டார்கள். என் கணவர் அன்ரன், எரியாத பல்பையெல்லாம் தேடித் தேடி மாற்றினார்.

முடிவு வந்தது. புற்றுநோய். அதிலும் வேகமாக வளரும் வகை.

புற்றுநோய்க்கான பெரிய ஆசுபத்திரி இருக்கும் ஊரின் பெயரையே கொழும்பில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஹைலெவல் ரோட்டில் பஸ் ஏறி அந்த ஊருக்கு டிக்கெட் கேட்டால் பக்கத்து சீட்டுக்காரர் நம் கையிலிருக்கும் ஃபைலைப் பார்ப்பார், பிறகு ஜன்னலைப் பார்ப்பார். எங்கள் வீட்டிலோ ஊர்ப் பெயரும் கிடையாது, நோயின் பெயரும் கிடையாது. 'அந்த வருத்தம்.' அவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருக்கையில் அக்கா சொந்தக்காரர்களிடம் கர்ப்பப்பையை எடுத்தது என்று சொன்னாள். முடி கொட்டியதும் நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபாய்டு, என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவள் தோட்டத்தையே மறைத்தாள்.

ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். அதையும் சொல்லாவிட்டால் பாவம். அக்கா கல்யாணம் செய்யாதவள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒழுங்கையில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தாள். அங்கிருந்து விடியவே சமைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவாள். கீமோ ஏற்றுகிற நாட்களில் கட்டில் அருகே பிளாஸ்டிக் கதிரையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பாள். அன்ரன் செவ்விளநீரை ஐஸ்கட்டியாக உறைய வைத்து ஃபிளாஸ்க்கில் கொடுத்தனுப்புவார், மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் வைத்தால் புண் குறையும் என்று நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்ததால். அக்கா அதை ஒவ்வொன்றாக எடுத்து என் வாயில் வைப்பாள். இடது கையால் வைப்பாள். சாப்பாட்டுக் கேரியரையும் இடது கையில்தான் தூக்கி வருவாள்.

"வலது கைக்கு என்ன அக்கா?"

"தோள் புடிச்சிருக்கு. பஸ்ஸில தொங்கி வந்தா புடிக்காம என்ன செய்யும்?"

அவளிடம் எப்போதும் தைல வாசனை அடித்தது. "எனக்கா வருத்தம், உனக்கா எண்டு சனம் குழம்பப் போகுது" என்று நான் பகிடி விட்டேன். அவளும் சிரித்தாள்.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து மறுபடி ஆசுபத்திரி வாட்டில் போட்டார்கள். இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் விழுந்துவிட்டன என்றார்கள். கிருமியோடு சண்டை பிடிக்க உடம்பில் ஆளில்லை என்று அர்த்தம். அங்கேதான் அந்த டாக்டரிடம் நான் முறையாகக் கதைத்தேன். மட்டக்களப்புப் பிள்ளை, என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். 'எனக்கு ஏன் வந்தது?' என்று எல்லோரும் கேட்பதை நானும் கேட்டேன். ரவுண்ட்ஸ் முடிந்ததும் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க என்ன வேலை அம்மா?"

சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு லேசா விளங்கும்" என்றார்.

அவர் சொன்னதை நான் என் தொழில் பாஷைக்கு மாற்றி வைத்திருக்கிறேன். நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. தேய்வதை ஈடு செய்ய ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டும். ஆனால் அது தன்னிஷ்டத்துக்குப் பிரிய முடியாது. சரக்கு ஒவ்வொரு வாசலிலும் நின்று துண்டுச் சீட்டைக் காட்டுவதுபோல அணுவும் வாசல் வாசலாக நிற்க வேண்டும். முதல் வாசலில் கேள்வி: உடம்பு உன்னைப் பிரியச் சொன்னதா, அக்கம்பக்கத்தில் இடம் இருக்கிறதா? சரி என்றால் அது தனக்குள் இருக்கும் மரபுக் குறிப்பு முழுவதையும் ஒரு பிரதி எடுக்கும். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் எங்காவது பிழை விழும். ஆகையால் அடுத்த வாசலில் பிரதியைச் சரிபார்ப்பார்கள். பிழை இருந்தால் அணுவை நிறுத்தி வைத்துத் திருத்துவார்கள். கடைசி வாசலில், இரண்டு பிரதிகளும் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பிரிந்து போகத் தயாரா என்று பார்ப்பார்கள். அதன் பிறகுதான் ஓர் அணு இரண்டாகும்.

"திருத்த ஏலாத பிழை எண்டா?" என்று கேட்டேன்.

"அந்த அணு தன்னைத் தானே அழிச்சிரும். அப்பிடித்தான் உத்தரவு. ஒவ்வொரு நாளும் உங்கட உடம்பில அப்பிடி எத்தனையோ சாகுது. உங்களுக்குத் தெரியாது."

"என்ட உடம்பில என்ன நடந்தது?"

"வாசல்ல நிக்கிற ஆக்கள் ஒவ்வொருத்தரா இல்லாமப் போயிற்றினம் அம்மா. ஒராள் போனா மற்றவர் பாத்துக்குவார். கன பேர் போனாத்தான் ஆபத்து. அதுக்கு வருசக்கணக்காகும். பிரியச் சொல்லுற உத்தரவு நிக்காம வந்துகொண்டே இருக்கும், நிப்பாட்டுற உத்தரவு வேலை செய்யாது, சாகச் சொன்னாலும் சாகாது. அதுக்குப் பிறகு பிழையான பிரதியில இருந்து பிழையான பிரதி."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். துறைமுகத்தில் வாசல்கள் எல்லாம் திறந்து கிடக்க, சரிபார்க்க ஒரு மனிதர்கூட இல்லாமல், கொள்கலன்கள் வரிசையாக ஊருக்குள் போவது தெரிந்தது. சத்தமே இல்லாமல் போயின. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. நான் பலகாரம் சுட்டபோதும், பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை பிடித்தபோதும் அவை போய்க்கொண்டேதான் இருந்திருக்கின்றன.

கீமோ ஏன் முடியைக் கொட்ட வைக்கிறது என்பதும் அன்றுதான் விளங்கியது. பிரிந்துகொண்டிருக்கும் அணுக்களைத் தேடி அடிக்கிற மருந்து அது. முடியின் வேரும், வாயின் தோலும், இரத்தம் ஊறும் எலும்பு மச்சையும் நல்ல பிள்ளைகளாகத் தங்கள் வேலைக்குப் பிரிகிறவை. குற்றவாளியோடு சேர்த்து அவற்றுக்கும் அடி விழுகிறது.

இதையெல்லாம் அன்று மாலை அக்காவுக்கும் சொன்னேன். வாசல், பிரதி, காவல் எல்லாம். தோடம்பழம் உரித்துக்கொண்டே கேட்டாள். "அப்ப ஆரம்பத்தில தெரியவே தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள். "தெரியாதாம்" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் ஃபரீனா தாத்தா. தெமட்டகொடைக்காரர். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு இரண்டாம் முறை வந்திருந்தது. அவருடைய நோய் அவர் தெரு முழுவதற்கும் தெரியும். பார்க்க வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று சத்தமாக அழுது, சத்தமாகத் துஆ கேட்டு, சத்தமாக வட்டிலப்பம் சாப்பிட்டார்கள்.

"எங்கட உம்மாவுக்கும் இதே தான் ஈந்திச்சி" என்றார் ஒரு நாள். "அதனால டாக்டர் எனக்கு வேற மாதிரி ஒரு ரத்தம் எடுத்தாங்க. பரம்பரையா ஈக்கிதாண்டு பாக்க. ஒங்கட உம்மாவுக்கு என்ன?"

"வயித்தில அல்சர்" என்றேன். பிறகு, வேறு கதை இல்லாததால், அம்மாவின் கடைசி மாதங்களைச் சொன்னேன். அக்கா கதவைச் சாத்திக்கொண்டுதான் அம்மாவைக் குளிப்பாட்டுவாள். நான் வெளியே நிற்பேன். பிறகு கதவிடுக்கால் துணிகளை என்னிடம் நீட்டுவாள், தோய்த்துப் போட. அம்மா எந்த வெயிலிலும் மார்பைச் சுற்றித் துவாய் போட்டிருப்பார்.

ஃபரீனா தாத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வயித்துப் புண்ணுக்கு ஏம்புள்ள கதவ மூடித் துணி மாத்தணும்?" என்றார்.

அந்தத் துணிகளைத் தோய்த்தவள் நான். அவற்றின் வாடை எனக்குத் தெரியும். தெரிந்ததை யோசிக்காமலே வளர்ந்திருக்கிறேன்.

அக்கா வந்ததும் கேட்டேன். "அம்மாவுக்கு என்ன வருத்தம்?"

"அல்சர்."

"அல்சருக்கு நெஞ்சில துணி கட்டுவாங்களா?"

தோடம்பழத் தோலை உரித்த விரல் நின்றது. "ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நான்தானே தோய்ச்சனான்."

"மெல்லக் கதை." சுற்றிலும் பார்த்தாள். அந்த வாட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அதே நோய்தான், அங்கேயும் யார் காதில் விழும் என்று பயந்தாள். "ஓம். அம்மாவுக்கும் அந்த வருத்தம்தான். சின்னம்மாவுக்கும் அதான். ஈரல் எண்டு சொன்னம்."

"ஏன் டாக்டரிட்ட மறைச்சனீ?"

"ஷெரினுக்கு இப்பதான் ஒண்டு பொருந்தி வந்திருக்கு. பரம்பரை வருத்தம் எண்டு எழுதிட்டா அது நாலு பேருக்குத் தெரியாமப் போகுமா?"

ஷெரின் என் ஒரே மகள். வெள்ளவத்தையில் ஒரு வங்கியில் வேலை. நீர்கொழும்புப் பையன் டிலானைப் பேசி முடித்திருந்தோம்.

"எனக்கு ஓலை ரெண்டு தரம் வாசிச்சாங்க ஜெசி" என்றாள் அக்கா. "மூண்டாவது ஞாயிறு வாசிக்கல்ல."

எங்கள் கத்தோலிக்கக் கோவில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரை அறிவிப்பார்கள். அதைத்தான் ஓலை என்கிறோம். அக்காவுக்கு ஒரு காலத்தில் மாப்பிள்ளை பார்த்ததும், அவன் வெளிநாடு போய்விட்டதால் நின்றுபோனதும் எனக்குத் தெரியும். வெளிநாடு என்பதும் இன்னோர் அல்சர் என்பது அன்றுதான் தெரிந்தது. அம்மாவின் நோய் என்னவென்று அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அக்கா பொய் சொல்லப் பழகியிருக்கிறாள். அந்தப் பொய்யில்தான் எனக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. எனக்கு அவள் மேல் இரக்கமும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் கூட.

மறுநாள் காலை டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. வேறொரு ஆய்வுகூடத்துக்கு என் இரத்தத்தை அனுப்பினார். அது பணம் கட்டிச் செய்கிற பரிசோதனை. அந்த வாரம் அன்ரனின் மோட்டார் சைக்கிள் வீட்டில் இல்லாமல் போனது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாங்களும் அந்தக் குடும்பத்து ஆட்கள்தானே.

முடிவு வர நாளானது. வந்தபோது நான் நினைத்ததுதான். பிராக்கா என்று ஒரு மரபணு. பிரதி எடுக்கையில் விழும் முறிவுகளைத் திருத்துகிற வேலை அதனுடையது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஒவ்வோர் அணுவிலும் இரண்டு இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். எனக்குப் பிறக்கும்போதே ஒன்று பழுது. மார்பில் ஏதோ ஓர் அணுவில் மற்றதும் பழுதாக, அங்கே திருத்த ஆளில்லாமல் போயிருக்கிறது.

"பிள்ளைக்கு வருமா?"

"வருத்தம் வரும் எண்டு சொல்ல ஏலாது. அந்தப் பழுது போயிருக்கிறதுக்குச் சரிபாதி வாய்ப்பு" என்றார் டாக்டர். "தெரிஞ்சா இளவயசிலேயே ஸ்கேன் செய்து பாத்துக்கொண்டிருக்கலாம். தேவைப்பட்டா முன்கூட்டியே ஆபரேஷனும் செய்யலாம். தெரியாட்டித்தான் ஒண்டும் செய்ய ஏலாது. மகளைக் கூட்டிக்கொண்டு வாங்க."

நான் கூட்டிப் போகவில்லை. என்னை நீங்கள் திட்டலாம். ஆசுபத்திரியில் வீரம் பேசியவள், வீட்டுக்கு வந்ததும் ஷெரினின் முகத்தைப் பார்த்து வாயடைத்துப் போனேன். கல்யாணச் சேலைக்கு ரவிக்கை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓலை மூண்டும் முடியட்டும். தாலி ஏறினதும் நானே சொல்றன்" என்று அக்கா டெலிபோனில் கெஞ்சினாள். அன்ரன் குழாயைப் பழுது பார்த்தார். முதல் ஓலை வாசித்தார்கள். நான் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் ஃபரீனா தாத்தாவைச் சுகம் விசாரிக்கக் கூப்பிட்டேன். மகள் எடுத்தாள். "உம்மா மௌத்தாகிட்டாங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அந்தப் பெண்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "எங்க மூணு பேரையும் செக் பண்ண வச்சிட்டுத்தான் போனாங்க ஆன்ட்டி. ஒரு தங்கச்சிக்கு ஈக்கி. இப்பவே பாத்துக்கிட்டு ஈக்கிறோம்."

இரண்டாவது ஞாயிறு. ஃபாதர் ஷெரின், டிலான் பெயர்களை வாசித்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். ஆயிரம் தரம் கேட்ட வசனம். பக்கத்தில் அக்கா செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் நெற்றியெல்லாம் வியர்வை. பயத்தில் என்று நினைத்தேன். அறிவிக்க வேண்டியது ஃபாதருக்கு இல்லை, என் பிள்ளைக்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மத்தியானம் ஷெரின் என் நகங்களுக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தாள். கீமோவில் நகங்கள் கறுத்துவிட்டன. அதை மறைக்க ஞாயிறுதோறும் சிவப்புப் பூசி விடுவாள். அவள் என் கையைப் பிடித்திருந்தபோதே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மம்மாவின் அல்சர், சின்னம்மாவின் ஈரல், பெரியம்மாவின் மூன்றாவது ஓலை, என் இரத்தம், சரிபாதி.

சின்ன விரல் மிச்சம் இருந்தது. அதையும் பூசி முடித்து, போத்தலை மூடினாள்.

"பெரியம்மாவுக்குத் தெரியுமா?"

"அவவுக்குத்தானே எல்லாம் தெரியும்."

"பெரியம்மா டெஸ்ட் எடுத்தவவா?"

அக்காவும் அதே அம்மாவின் பிள்ளை. நாங்கள் எல்லோரும் கல்யாணப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாணம் ஆகாதவளை ஒருவரும் பார்க்கவில்லை.

ஷெரின் எழுந்து ஆட்டோ பிடித்தாள். வெள்ளவத்தையில் அக்காவின் மாடி அறைக்குப் போய் நின்றோம். அக்கா எங்களைக் கண்டதும் விளங்கிக்கொண்டாள்.

"சொல்லிட்டியா? உன்ட வாயால பிள்ளையின்ட வாழ்க்கையக் கெடுத்திட்டியா?"

"நீயும் ரத்தம் குடுக்கோணும் அக்கா."

"எனக்கு ஒண்டும் வேணாம். என்னை விடு. இந்த வயசில எனக்கென்ன?"

ஷெரின் அவளைச் சமாதானப்படுத்தப் பக்கவாட்டில் கட்டிப்பிடித்தாள். அக்கா 'ஐயோ' என்று கத்தினாள். பெரிய சத்தம் இல்லை. ஆனால் ஷெரின் கையை எடுத்துவிட்டு, அவள் வலது பக்கத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தைல வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. எனக்கு அது பழக்கமான வாடை.

"வாங்க பெரியம்மா" என்று ஷெரின் அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் வெளியே நின்றேன். கீழே கடலோரத் தண்டவாளத்தில் ரயில் போனது. சின்னப் பிள்ளையாக நின்ற அதே நிலையில் நின்றேன், கதவிடுக்கால் ஒரு கை துணியை நீட்டும் என்று எதிர்பார்த்தபடி. கதவு முழுதாகத் திறந்தது. ஷெரின் கதவைப் பிடித்தபடி வழிவிட்டு நின்றாள்.

"அம்மா, உள்ள வந்து பாருங்க" என்றாள்.

பார்த்தேன். அதை எழுத மாட்டேன்.

"எவ்வளவு நாளா அக்கா?"

"நீ ஆசுபத்திரிக்குப் போக முந்தியே." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரே வீட்டில ரெண்டு பேருக்கு எண்டா ஒளிக்க ஏலாதடி. ஷெரினுக்கு முடிச்சிட்டுப் பாப்பம் எண்டு இருந்தன்."

நான் வாசல்களைப் பற்றி அவளுக்கு விளக்கிச் சொன்ன அந்த மாலை ஞாபகம் வந்தது. தோடம்பழத்தை உரித்தபடி அவள் கேட்ட ஒரே கேள்வி. அவள் எனக்கு ஐஸ்கட்டி ஊட்டியபோதெல்லாம், அவளுக்குள் எல்லா வாசலும் திறந்துதான் கிடந்திருக்கின்றன. நான் அவளை அடித்துவிடலாமா என்று நினைத்தேன். அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

ஷெரின் அன்றிரவே டிலானுக்குச் சொன்னாள். அவன் இன்னும் ஒவ்வொரு நாளும் கூப்பிடுகிறான். அவனுடைய அம்மா கூப்பிடுவதில்லை. மூன்றாவது ஓலையை நிறுத்தி வைக்கும்படி ஃபாதரிடம் போய்க் கேட்டவள் ஷெரினேதான். அவளுடைய இரத்தம் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு மூவருமாகப் போனோம். ஹைலெவல் ரோட் பஸ்ஸில் ஃபைலை மடியில் வெளியே தெரிய வைத்துக்கொண்டு போனேன். இந்த முறை நோயாளியின் ஸ்டூலில் அக்கா இருந்தாள், பக்கத்துக் கதிரையில் நான். அதே மட்டக்களப்பு டாக்டர். அக்காவை நீண்ட நேரம் பரிசோதித்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எங்களை அடையாளம் தெரிந்தும், கேட்க வேண்டிய முறைப்படி கேட்டார்.

"உங்கட குடும்பத்தில வேற ஆருக்கும் இந்த வருத்தம் வந்ததா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வரிசையில் காத்திருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"கான்சர், டாக்டர். எங்கட அம்மாவுக்கு. சின்னம்மாவுக்கு. இந்தத் தங்கச்சிக்கு. இப்ப எனக்கு."

டாக்டர் நான்கையும் எழுதிவிட்டு, எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ஷெரினை நிமிர்ந்து பார்த்தார். அக்கா வலிக்கிற அந்தக் கையைத் தூக்கி, பின்னால் நீட்டி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.